வலன்ரைனின் வில்லுக்கத்தி

அத்தியாயம் 14

போன கிழமை பார்சலைக் காட்டி ஆசை மூட்டிவிட்டுப் பாதி வழியில் போய்விட்டேன் என்று சிலருக்கு என்மேல் கோபமாம். நியாயமான கோபந்தான். ஆனால் பார்சல் வந்து சேராமல் நான் மட்டும் என்ன செய்வது? நீர்கொழும்பிலிருந்து மன்னாருக்கு ஒரு சின்னப் பெட்டி வந்து சேர்வதற்குள் மனிதருக்குத் தலை நரைத்துவிடுகிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பள்ளிமுனையில் றஞ்சிதம் என்றொரு தாய். அவருடைய கணவர் வலன்ரைன் சண்டைக் காலத்தில் ஒருநாள் கடலுக்குப் போனார். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அப்போது மகள் ஜெனிஸ்ரா பள்ளிக்கூடப் பிள்ளை. மகன் மில்ரன் அவளைவிடச் சின்னவன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஜெனிஸ்ரா கலியாணம் முடித்து, புருசன் கட்டாரில் வேலையில் இருக்க, தாயோடு இருக்கிறாள். றஞ்சிதம் மட்டும் இன்னும் அந்த நாளிலேயே நிற்கிறார். கல்லறைத் திருநாள் வந்தால் இறந்தவர்களின் பெயர் எல்லா வீட்டிலிருந்தும் கோயிலுக்குப் போகும். அந்த வீட்டிலிருந்து மட்டும் போகாது.

பெயர் போகாததால் முடங்கிக் கிடப்பது மில்ரனின் கலியாணம். உயிலங்குளத்து ஜெயனி அவனுக்காகக் காத்திருக்கிறாள். “அப்பா வரட்டும், நாள் வைப்பம்” என்று தாய் ஒரே பதிலை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனிக் கத்திக்கு வருவோம். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில் வலன்ரைன் ஒரு கப்பற்காரனிடம் வாங்கிய, மடக்கி விரிக்கிற வில்லுக்கத்தி அது. இரண்டு அலகு, மான்கொம்புப் பிடி, பிடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு உடைந்திருக்கும். இடுப்புச் சாறத்து மடியில் எந்நேரமும் இருக்கும். அவரோடு அதுவும் கடலுக்குப் போனது. அதேமாதிரி ஒரு கத்தியின் படத்தையாவது பார்க்கலாம் என்று போனில் தேடத் தொடங்கியவள்தான் ஜெனிஸ்ரா. தேடித் தேடி, எது உண்மையான பழசு, எது பழசாக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். பழைய கத்தி சேர்க்கிறவர்களின் முகநூல் குழுவில் இப்போது அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. யாராவது கத்தியை அனுப்பினால் பார்த்துவிட்டு ஒரு சொல்லுத்தான் எழுதுவாள். மெய், அல்லது பொய். நோர்வேயிலிருந்து அவுஸ்திரேலியாவரை அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள்.

அந்தக் குழுவில்தான் அண்மையில் ஒரு படம் வந்தது. கறள் பிடித்த வில்லுக்கத்தி, மான்கொம்புப் பிடி, ஓரத்தில் சில்லு. ‘கடலில் வலையோடு வந்தது’ என்று நீர்கொழும்புக்காரன் ஒருவன் போட்டிருந்தான். மகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த றஞ்சிதம் அசையாமல் நின்றார். “இது அவற்றை கத்தி” என்றார். பிறகு, “காசு குடுத்து எடுப்பி. கையிலை வைச்சுப் பார்த்து மெய்யெண்டு சொல்லு. நானே போய் அவற்றை பேரைக் கோயில்லை குடுக்கிறன்” என்றார்.

அந்தப் பெட்டி இன்றைக்கு வருகிறது.

*

விடியற்காலையில் ஜெனிஸ்ராவின் கனவில் அப்பா வந்தார். மாங்காய் வெட்டினார். ஒரு துண்டைக் கத்தி நுனியில் குத்தி அவளிடம் நீட்டினார். முகம் தெரியவில்லை, கை தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவும் கோயில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. எழும்பிய பிறகும் நாக்கில் புளிப்பு இருந்தது.

கச்சான் காற்று ஓய்ந்து வாடைக்காற்று தொடங்காத நாட்கள் அவை. காற்று எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வளவுக்குள்ளேயே நின்றது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு காணாமற் போயிருந்தது. தூரத்தில் நின்ற படகுகள் வானத்திலே நிற்பனபோலத் தெரிந்தன. படலைக்கு வெளியே இரண்டு கழுதைகள் நின்றபடியே நித்திரை கொண்டன.

றஞ்சிதம் விடியவே மண்வெட்டியோடு சேமக்காலைக்குப் போய்விட்டார். திருநாளுக்கு முன் கல்லறைகளைத் துப்புரவாக்கப் பெண்கள் கூடிப் போவது வழக்கம். தனக்கென்று ஒரு கல்லறை இல்லாத மனுசி, ஆளில்லாத கல்லறையாகப் பார்த்துப் புல்லுப் பிடுங்குவார். அதைப் பார்க்க ஜெனிஸ்ராவுக்குத் தாங்காது. அதனால் அவள் போவதில்லை.

பார்சல் கொண்டுவருகிற எருக்கலம்பிட்டி மர்சூக் மோட்டார் சைக்கிளைக் கழுதைகளுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“தங்கச்சி, பெட்டியிலை கத்தி எண்டு எழுதிக் கிடக்கு. ஆரைக் குத்தப் போறியள்?”

“உங்களைத்தான் நானா. பிந்தி வந்ததுக்கு.”

“அப்பச் சரி. கையெழுத்தைப் போட்டுட்டுக் குத்துங்கோ” என்றார் அவர்.

அவள் சிரித்தாள். கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியே போட்டாள். மர்சூக் அதைக் கண்டும் காணாதவர்போலக் கழுதையை விலத்திக்கொண்டு போனார்.

*

யன்னலோர மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கத்தியை அதன்மேல் வைத்தாள். எந்தக் கத்தி வந்தாலும் கொஞ்ச நேரம் தொடாமல் பார்ப்பது அவள் வழக்கம். கழுவவும் மாட்டாள், துடைக்கவும் மாட்டாள். அழுக்கைத் துடைத்தால் சாட்சியைத் துரத்தினமாதிரி என்பாள்.

கொம்புப் பிடி. ஓரத்தில் சில்லு. அப்பாவின் மடியிலிருந்து விழுந்துவிட்டதுபோல அது கிடந்தது. பொய்யாக இருக்கக்கூடாது என்று நினைத்தாள். அடுத்த மூச்சில், மெய்யாகவும் இருக்கக்கூடாது என்று நினைத்தாள். பாவம், பிள்ளை எதைத்தான் நினைப்பாள்? மெய்யென்றால் அப்பா கடலின் அடியில். பொய்யென்றால் அம்மா இன்னும் வாசலில்.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

கறள் எல்லா இடமும் ஒரே நிறமாக இருந்தது. காலம் போட்ட கறள் அப்படி இருக்காது. ஓரிடம் கறுப்பு, ஓரிடம் சிவப்பு, விரல் படுகிற இடத்தில் மினுக்கம் என்று கலந்து கிடக்கும். கடலில் கிடந்த இரும்பில் வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சிப்பி ஒட்டியிருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. நகம் வைத்து அலகைத் திறக்கிற குழியின் விளிம்பு வெட்டினபடியே கூராக இருந்தது. அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கத்தியைத் திறந்திருப்பார். அந்தக் குழி எப்போதோ மழுங்கியிருக்க வேண்டும்.  

அலகு பூட்டுகிற இடுக்கில் சாம்பல் நிறச் சேறு காய்ந்திருந்தது. அதில் உப்பு மினுங்கியது. பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற பாலத்தடியில், கடல் வற்றின வெளியில் கிடக்கிற சேறு அது. மன்னாரில் பிறந்த எந்தப் பிள்ளையின் காலுக்கும் அது தெரியும். நீர்கொழும்புக் கடலில் அது இல்லை.

கத்தியைத் திறந்து பார்த்தாள். கடலில் கிடந்ததென்றால் சுத்தியலால் தட்டினாலும் திறக்காது. இதுவோ நகம் வைத்தவுடன் திறந்து ‘டக்’ என்று நின்றது. கல்லில் தீட்டித் தீட்டி அப்பாவின் அலகின் நடு ஒடுங்கிப் போயிருந்தது, இந்த அலகோ முழு அகலத்தோடு இருந்தது. திறந்த இடுக்கிலிருந்து ஒரு வாசம் கிளம்பியது.

சுறா எண்ணெய்.

ஜெனிஸ்ரா மெல்லத் தலையைத் திருப்பிக் குசினி வாசலைப் பார்த்தாள். ஆணியில் போத்தல் தொங்கியது. அது அவள் பிறக்கும் முன்பே அங்கே தொங்கியதாம். கத்தியோ, அரிவாளோ, தூண்டிலோ, ஒரு துளி எண்ணெய் தடவாமல் அந்த வீட்டில் இரும்பு எதையும் வைத்ததில்லை. யார் சொல்லித் தந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பல் தீட்டுவதுபோல ஒரு பழக்கம்.

“டேய் மில்ரன்” என்று அவள் வெறும் அறைக்குள் சொன்னாள்.

*

மில்ரன் படகு எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் தனியாக இருந்தான். மதிய வெயிலில் ஊர் அரைக்கண் மூடிக் கிடந்தது. பெருக்க மரத்தின் நிழலைத் தாண்டி அக்கா வருவதைக் கண்டதும் எழுந்து துணியில் கையைத் துடைத்தான்.

“வந்துட்டுதோ அக்கா?”

“இண்டைக்கு வருமெண்டு உனக்கு ஆர் சொன்னது? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அவன் துணியைப் பார்த்தான்.

“எங்கை புதைச்சனீ?”

அவன் துணியை மடித்து எஞ்சின்மேல் வைத்தான். பிறகு, “பாலத்தடியிலை. சேத்துக்கை” என்றான்.

“நீர்கொழும்புக்காரன்?”

“றொசாந்தன். என்னோடை வேலை பழகினவன். அவனை ஏசாதை, பாவம். நான் கெஞ்சிக் கேட்டுத்தான் செய்தவன்.”

கத்தியைக் கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் தேடிப் பிடித்தானாம். பிடியின் சில்லைத் தானே அரத்தால் எடுத்தானாம். “எனக்கு நினைவிருந்த மாதிரித்தான் செய்தனான். சரியா வந்திருக்கென்ன?” என்று கேட்டான். கேட்டுவிட்டு வெட்கப்பட்டான். களவையும் செய்துவிட்டுக் கைவேலைக்குப் பாராட்டும் எதிர்பார்க்கிற இந்தப் பிள்ளையை என்ன செய்வது?

“எல்லாம் சரி. எண்ணெய் ஏன் போட்டனீ?”

“என்ன எண்ணெய்?”

அவள் கத்தியைத் திறந்து அவன் மூக்கடியில் பிடித்தாள். மில்ரன் மணந்து பார்த்தான். அப்படியே நின்றான்.

“போட்டனானோ?” என்றான் மெதுவாக. “சேத்தாலை எடுத்தனான். கழுவினனான். பிறகு…” அவனுடைய வலது பெருவிரல் தானாக ஒருதரம் உரசிக் காட்டியது. “இரும்பை நனைஞ்சபடி வைக்கேலாதே, அக்கா.”

ஜெனிஸ்ராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினால் அழுகையில்தான் போய் முடியும் என்று தெரிந்து உதட்டைக் கடித்தாள். அப்பாவைச் செத்தவராக்கப் புறப்பட்டவன், அப்பாவின் வீட்டுப் பழக்கத்தை விட முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

“தா, பெற்றோல்லை கழுவித் தாறன்.”

“தொடாதை” என்றாள் அவள். “கழுவின கத்திக்கு நான் சொல்லுச் சொல்லுறேல்லை.”

அவன் தகர வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினான்.

“ஞாயிற்றுக்கிழமை ஜெயனியைப் பொம்பிளை பார்க்க ஆக்கள் வருகினம். அவள் அழுதுகொண்டு போன் எடுத்தவள். தகப்பன் இனிப் பொறுக்கமாட்டாராம்.” கால் பெருவிரலால் நிலத்தைக் கீறினான். “நான் அப்பாவைச் சாகடிக்கேல்லை அக்கா. அவருக்கு ஒரு பூசை வைக்கத்தான் கேக்கிறன். அவர் வரமாட்டாரெண்டு உனக்கும் தெரியும். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லுறேல்லை. அதைத்தான் கத்தி சொல்லட்டுமெண்டு பார்த்தனான்.”

“கத்தி பொய்யெல்லோ சொல்லுது.”

“நீ மெய்யெண்டு சொன்னா அம்மாவுக்கு அது மெய்தான். ஒரு சொல்லுத்தானே.”

“சொல்லிப்போட்டுப் பிறகு நான் எந்தக் கத்தியைத் தொடுறது?”

“கத்தி பெரிசோ, அம்மா பெரிசோ?”

அவள் கத்தியைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு நடந்தாள். கடல் இன்னும் வானத்தோடு கலந்துதான் கிடந்தது. அந்த வெளிச்சத்துக்குள் ஆளொருவர் நடந்து வந்தாலும் யாரென்று தெரியாது. சின்ன வயதில் அப்படி யாரைக் கண்டாலும் அப்பா என்று ஓடுவாள். எப்போது ஓடுவதை விட்டாள் என்று யோசித்தாள். நினைவு வரவில்லை. அம்மா இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

படலையைத் திறக்கும்போது முடிவெடுத்துவிட்டாள். மெய் என்று சொல்லிவிடுவோம். இந்த ஒரு தடவை.

*

பின்னேரம் றஞ்சிதம் வந்தார். மண்வெட்டியைக் கழுவி, துடைத்து, போத்தலை எடுத்து எண்ணெய் தடவிச் சுவரில் சாத்தினார். பிறகு கால் கழுவினார். ஜெனிஸ்ரா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வந்துட்டுதம்மா” என்று கைலேஞ்சியை நீட்டினாள்.

றஞ்சிதம் கதிரையில் இருந்து கத்தியை உள்ளங்கையில் வாங்கினார். உடனே திறக்கவில்லை. பெருவிரலால் சில்லைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பூனைக்குட்டியை வைத்திருப்பவர்போல இரண்டு கையாலும் மூடி வைத்திருந்தார். ஜெனிஸ்ரா சொல்ல வேண்டிய சொல்லை வாய்க்குள் தயாராக வைத்திருந்தாள்.

றஞ்சிதம் நகத்தை வைத்து அலகைத் திறந்தார். மூக்கு விடைத்தது. கத்தியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“எண்ணெய் போட்டிருக்குது” என்றார்.

“அம்மா…”

“எங்கடை எண்ணெய், பிள்ளை. மணந்து பார்.” அவர் முகம் விரிந்தது. சுவரில் தொங்குகிற கலியாணப் படத்தில் இருக்கிற முகம் அது. ஜெனிஸ்ரா அதை நேரில் பார்த்து எத்தனையோ காலம். “கடல்லை கிடந்ததெண்டு ஆரோ விசரன் எழுதியிருக்கிறான். இது கடல்லை கிடக்கேல்லை. அப்பா வைச்சுப் பார்த்திருக்கிறார். பூட்டுக்கை எண்ணெய் விட்டுத் துடைச்சு வைச்சிருக்கிறார். அவரைவிட வேறை ஆர் இப்பிடிச் செய்யிறது? உயிரோடை இருக்கிறார்.”

ஜெனிஸ்ரா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மனுசி கத்தியை மடக்கி மகளின் கையில் வைத்துவிட்டு எழும்பிவிட்டார். முழங்கால் நோவென்று கோயிலில் முழந்தாளிட முடியாதவர், சின்னப் பிள்ளையாக உள்ளே ஓடி அலுமாரியைத் திறந்தார். வலன்ரைனுக்கென்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வாங்கின சாறங்கள், கட்டாத சாறங்கள், மடிப்புக் கலையாமல் ஒரு தட்டு முழுக்க இருந்தன. மேலே கிடந்ததை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார்.

“மில்ரனுக்குப் போன் எடு. நாளைக்கே உயிலங்குளத்துக்குப் போவம். இனி என்னத்துக்குப் பிந்துறது? நாள் வைப்பம். அதுக்கிடையிலை அவர் வந்திடுவார்.” சாறத்தைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். “கலியாணத்துக்குச் சாறத்தோடை நிக்கேலாது. வேட்டியொண்டு எடுக்கவேணும். கரை போட்டது.”

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. மில்ரன்தான். ‘நாள் வைப்பம்’ என்ற சொல் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். இறங்கினவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். யன்னலால் அக்காவைப் பார்த்தான். என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டான். அவள் கத்தியைத் திறந்து மணக்கிறமாதிரிக் காட்டினாள். அவனுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் முகத்தில் இரத்தமில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. ஜெயனி கிடைப்பாள். ஜெனிஸ்ரா பொய்கூடச் சொல்லத் தேவையில்லை, சும்மா நின்றால் போதும். வீட்டில் இவ்வளவு சந்தோசம் வந்து எத்தனை காலம் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் அவள் கண்ணுக்கு முன்னால் கலியாண நாள் வந்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் பீடத்தடியில். குருவானவர் மணியைப் பார்க்கிறார். அம்மா கோயில் வாசலில், புது வேட்டியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, வெயிலுக்குள் ரோட்டைப் பார்த்தபடி. “கொஞ்சம் பொறுங்கோ, வந்திடுவார்” என்கிறார். கூப்பிட்டால் உள்ளே வரவில்லை.

“ஏன் பிள்ளை பேசாமல் நிக்கிறாய்?” றஞ்சிதம் திரும்பிச் செல்லமாகக் கேட்டார். “ஊருலகத்துக்கெல்லாம் சொல்லுறனீ, எனக்கு உன்ரை சொல்லைச் சொல்லேல்லையே. மெய்யோ, பொய்யோ?”

 ஜெனிஸ்ரா கத்தியை மடக்கினாள்.

“பொய்யம்மா.”

“என்ன?”

“கத்தி பழசுதான். ஆனா அப்பாவின்ரை இல்லை. அப்பாவின்ரை அலகு தீட்டி ஒடுங்கிப் போனது. நீங்களே தடவிப் பாருங்கோ.”

றஞ்சிதம் அழவில்லை. ஏசவுமில்லை. கட்டில் விளிம்பில் மெல்ல இருந்தார். மடியிலிருந்த சாறத்தை விரித்து, மூலையோடு மூலை சேர்த்து மடித்தார். சரியாக வரவில்லை என்று மறுபடி விரித்து மடித்தார். அதை அலுமாரிக்குள் வைக்காமல் பக்கத்தில் வைத்தார். பிறகு மகளின் கையிலிருந்த கத்தியை வாங்கித் திறந்து அலகின் நடுவைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியில் கழுதையொன்று கனைத்து ஓய்ந்தது.

“நீ பிழையாச் சொல்லமாட்டாய்” என்றார் கடைசியில்.

கத்தியை மறுபடி மூக்கடிக்குக் கொண்டுபோனார். ஒருதரம் மணந்தார். குசினி வாசலில் தொங்குகிற போத்தலைப் பார்த்தார். பார்வை அங்கிருந்து மெல்ல நகர்ந்து யன்னலுக்கு வெளியே நின்ற மகனிடம் வந்தது.

“அப்ப, எண்ணெய் போட்டது ஆர்?”

 அது ஜெனிஸ்ரா சொல்ல வேண்டிய சொல் இல்லை.

வாசலில் மில்ரன் செருப்பைக் கழற்றினான்.